துணுக்குப் பக்கம்

எங்கள் படிப்பகத்துக்கு ஒரு பத்திரிகை இருந்தது. மாதம் ஓர் இதழ், ஓர் இதழுக்கு ஒரே ஒரு பிரதி. கையெழுத்துப் பத்திரிகை என்றால் அப்படித்தான். என் வீட்டுக்காரர் அதன் ஆசிரியர். நான் கையெழுத்து.

தங்கச் சுரங்கத்து ஊரான சாம்பியன் ரீப்ஸில் தொழிலாளர் லைன் வீடுகள் முடிகிற இடத்தில் தகரக் கூரை போட்ட ஓர் அறைதான் படிப்பகம். ஷிப்டு முடிந்து வருகிறவர்கள் குளித்துவிட்டு வந்து தினசரிகளைப் புரட்டுவார்கள். எங்கள் பத்திரிகையை மேஜைக் காலில் சணல் கயிற்றால் கட்டி வைத்திருந்தார்கள், யாரும் வீட்டுக்குக் கொண்டுபோய்விடக் கூடாது என்று. அப்படி யாரும் முயன்றதாக எனக்குத் தெரியவில்லை.

என் வீட்டுக்காரருக்குச் சுரங்கத்துக்குள் மரவேலை. பாறை இறங்காமல் இருக்கக் கட்டைகளை அடுக்கி முட்டுக் கொடுப்பது. மேலே வந்து, சாப்பிட்டு, நாட்டுக்கு எது நல்லது என்று எழுதுவார். நான் பள்ளிக்கூடத்தில் தமிழ் டீச்சர். என் எழுத்து குண்டாக, நேராக, யாரும் படிக்கும்படி இருக்கும். பெண் பார்க்க வந்த அன்று எங்கள் வீட்டுச் சுவரில் நான் எழுதி ஒட்டியிருந்த வாசகத்தைப் பார்த்துவிட்டுத்தான் அவர் சம்மதம் சொன்னதாக மாமியார் சொல்வார். மற்றவர்கள் வேறு காரணங்களுக்காகக் கல்யாணம் செய்துகொள்கிறார்கள்.

பத்திரிகை எழுதுவதில் ஒரே ஒரு சிக்கல்தான். கட்டுரை எழுதுகிறவர்கள் பக்கத்தைப் பற்றி யோசிப்பதில்லை. நான் ஒவ்வொரு தாளிலும் பென்சிலால் ஓரம் விட்டு, நடுவில் கோடு போட்டு, இரண்டு பத்தியாகப் பிரித்து, தலைப்பைச் சிவப்பு மையில் எழுதுவேன். நாட்டுக்கு நல்லது எல்லாம் சொல்லி முடித்த பிறகு, பக்கத்தின் அடியில் மூன்று விரல் அகலத்துக்கு இடம் காலியாகக் கிடக்கும். வெறுமையாக விட்டால் தாள் வீண் என்பார்கள். பூ வரைந்தால் கோலம் போடுகிறாள் என்பார்கள். அந்த இடத்துக்குத்தான் துணுக்கு.

துணுக்கு கொடுத்தவர் என் வீட்டுக்காரருடைய கேங்கில் பாறையைத் துளைக்க டிரில் போடுகிற ஆள். ஒல்லியாக, உயரமாக, கொஞ்சம் இருமலோடு இருப்பார். அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் வாசலில் வந்து நிற்பார். உள்ளே வரச் சொன்னாலும் வர மாட்டார்.

"இந்த மாசம் எத்தினி எடம் காலியா கீது டீச்சரம்மா?"

"மூணு வரி எடம் ரெண்டு, ஆறு வரி எடம் ஒண்ணு அண்ணா."

"மூணு வரிக்கு இப்ப சொல்றேன், எழுதிக்குங்க. ஆறு வரிக்கு நாளைக்கி."

கால் கட்டைவிரலைப் பார்த்தபடி, கணக்கு ஒப்பிக்கிற பிள்ளை மாதிரி சொல்வார். "ஷிப்டு பாஸ் கேக்கறாரு: இன்னாய்யா, தூங்கறியா? ஆளு சொல்றான்: இல்ல சார், லைட்டு இல்லாத எடத்துல கண்ண தொறந்து வெச்சா வேஸ்ட்டுதானே." சொல்லி முடித்ததும் "சரியா வருமா?" என்று கேட்பார். சிரிப்பு வருமா என்று அல்ல, அளவு சரியா வருமா என்று. சரியாக வரும். ஒரு வரி கூடவோ குறையவோ அவர் சொன்னதில்லை. படிப்பகத்தில் அதைப் படித்து யாரும் சிரித்து நான் கேட்டதும் இல்லை. அவர் சொன்னது என்று தெரிந்ததால் அவர் முகம் நினைவுக்கு வந்திருக்கும்.

அறுபதுகளின் நடுவில் ஒரு வருஷம், படிப்பகத்து ஆண்டு விழாவுக்கு மலர் போடுவது என்று முடிவானது. அச்சில். முடிவு செய்தவர் என் வீட்டுக்காரர். கமிட்டியில் மற்றவர்கள் தலையாட்டினார்கள்.

"கையால எழுதினா அது நம்ம வூட்டு சமாச்சாரம். அச்சுல வந்தாதான் ஊர் சமாச்சாரம்" என்றார் என்னிடம்.

"அச்சுல வந்தா என் கை எதுக்கு?" என்று கேட்டேன்.

"நீ புரூப் பாரு."

ராபர்ட்சன்பேட்டை கடைத்தெருவில் ஓர் அச்சகம் இருந்தது. முன்னால் பாத்திரக்கடை, பின்னால் அச்சகம், இரண்டுக்கும் ஒரே முதலாளி. தலைமுறைகளாகக் கடை வைத்திருக்கும் குடும்பம். பாத்திரம் வாங்க வருகிறவர்கள் பெரும்பாலும் கல்யாணத்துக்குத்தான் வாங்குகிறார்கள், அவர்களுக்கு அழைப்புப் பத்திரிகையும் வேண்டியிருக்கிறது என்று கண்டுபிடித்து, பின்கட்டில் காலால் மிதிக்கிற ஓர் அச்சு மிஷினைப் போட்டிருந்தார். நாங்கள் போனதும் கேட்டார்:

"கல்யாணமா, கருமாதியா?"

"மலர்" என்றார் இவர்.

"எதுக்கு மலர்?"

இவர் விளக்கிச் சொன்னார். முதலாளி பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப ரெண்டும் இல்ல" என்று சொல்லிக் கம்பாசிட்டரைக் கூப்பிட்டார்.

கம்பாசிட்டருக்கு வீட்டில் தெலுங்கு, வேலையில் தமிழ். சாய்வாக நிறுத்திய மரப்பெட்டியில் கட்டம் கட்டமாக ஈய எழுத்துகள் கிடக்கும். அவர் கையெழுத்துப் பிரதியைப் பார்த்தபடியே ஒவ்வொரு எழுத்தாகப் பொறுக்கி, வரி வரியாகக் கோத்து, பக்கம் சேர்ந்ததும் நூலால் இறுக்கிக் கட்டி மேஜை மேல் வைப்பார். எழுத்தெல்லாம் கண்ணாடியில் தெரிகிற மாதிரி திரும்பியிருக்கும். அங்கே இருந்த தமிழ் எழுத்து நாலு பக்கத்துக்குத்தான் போதும். நாலு பக்கம் கோத்து, அச்சடித்து, எழுத்தைப் பிரித்து மறுபடி பெட்டியில் போட்டால்தான் அடுத்த நாலு பக்கம் கோக்க முடியும். அதிலும் வருஷக்கணக்காகக் கல்யாணப் பத்திரிகை அடித்ததில் 'திருமண'த்துக்கு வேண்டிய எழுத்துகள் எல்லாம் தேய்ந்துபோயிருந்தன. தும்பிக்கை வைத்த 'னை', 'லை'களில் பாதிக்குத் தும்பிக்கை இல்லை.

முதல் புரூப் வந்தது. இவருடைய கட்டுரையில் முதல் பத்தியில் 'தமிழ்' என்று இருந்தது. இரண்டாம் பத்தியிலிருந்து 'தமிள்' ஆகிவிட்டது. 'தொழிலாளர் வாழ்வு' 'தொளிலாளர் வாள்வு' ஆகியிருந்தது. கம்பாசிட்டரிடம் கேட்டேன்.

"ழ தீர்ந்துபோச்சும்மா. அந்த சாதி எழுத்தே ஒரு கைப்பிடிதான் கீது. கல்யாணப் பத்திரிகைல அவ்ளோ வராது."

"அதுக்காக ள போடலாமா?"

"தெலுங்குல அந்த எழுத்தே இல்ல. நாங்க நல்லாத்தான் கீறோம்."

வீட்டுக்கு வந்து இவரிடம், ழ வராமல் கொஞ்சம் மாற்றி எழுதித் தரச் சொன்னேன். தமிழைப் பற்றி எழுதுகிற கட்டுரையில் தமிழ் என்ற சொல் இல்லாமல் எப்படி என்று கேட்டார். கேள்வி நியாயமானதுதான். ஒரு ழ கூடக் குறைக்க முடியாது என்று சொல்லிவிட்டார். முதலாளி ழ கேட்டுப் பெங்களூருக்கு எழுதிப் போட்டார். அது வரும்வரை அந்தக் கட்டுரையை ஒதுக்கி வைத்துவிட்டு மற்றதைக் கோக்கச் சொன்னோம்.

அடுத்தது அட்டை. முதலாளியிடம் இருந்த படக் கட்டைகளை எல்லாம் எடுத்துப் பரப்பினார். குத்துவிளக்கு, கைகூப்பும் பெண், ஜோடிக் கிளி, தாமரை, மாலை மாற்றுகிற இரண்டு கைகள். இவருக்குச் சுரங்கத்துக்குள் இறங்குகிற எங்கள் ஷாஃப்ட்டின் படம் வேண்டும், மேலே பெரிய சக்கரத்தோடு. அந்தக் கட்டை எந்தக் கல்யாணத்துக்கும் தேவைப்பட்டதில்லை, அதனால் இல்லை.

"நானே செதுக்கறேன்" என்றார் இவர்.

கம்பெனி மரத்தில் ஒரு துண்டு கொண்டுவந்தாலும் கேட்டில் சோதனை போட்டுப் பிடித்துவிடுவார்கள். பூதிகோட்டையிலிருந்து சந்தைக்குக் காய் கொண்டுவருகிற வண்டிக்காரர் ஒருவரிடம் சொல்லி ஒரு பலாப்பலகை வாங்கினார். லீவு நாளெல்லாம் உட்கார்ந்து செதுக்கினார். சக்கரம், கம்பிக் கயிறு, பக்கத்தில் எஞ்சின் ரூம், கீழே பத்திரிகையின் பெயர். மரவேலைக்காரர் அல்லவா, உண்மையாகவே நன்றாக இருந்தது. லைனில் எல்லாரும் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

அச்சகத்தில் மை தடவி ஒரு தாளில் அழுத்தி எடுத்தார்கள். படம் தெளிவாக விழுந்தது. பத்திரிகையின் பெயர் வலமிருந்து இடமாக, ஒவ்வொரு எழுத்தும் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது. கட்டையில் எழுத்தைத் திருப்பிச் செதுக்க வேண்டும் என்பதை இவர் யோசிக்கவில்லை. பார்க்க வந்த யாரும் யோசிக்கவில்லை, நான் உட்பட.

முதலாளி தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "புஸ்தகத்தோட ஒரு கண்ணாடியும் குடுத்தா படிச்சிப்பாங்க" என்றார். கிண்டல் செய்கிறாரா என்று அவர் முகத்தைப் பார்த்தேன். தெரியவில்லை.

இவர் கட்டையை வாங்கி, எழுத்து இருந்த பாகத்தை அங்கேயே இழைத்துத் தள்ளினார். பெயரை ஈய எழுத்தில் வைத்துக்கொள்ளலாம் என்று ஆயிற்று. ழ பெங்களூரிலிருந்து வந்தது. இவருடைய கட்டுரை, மற்றவர்களுடைய கட்டுரைகள், அடியில் இருந்த காலி இடங்களில் துணுக்குகள் என்று கடைசி நாலு பக்கத்தையும் கோத்து முடித்துவிட்டதாகச் சொல்லி அனுப்பினார்கள்.

அது ஒரு சனிக்கிழமை. பள்ளிக்கூடம் பாதி நாள். நான் நேராக அச்சகத்துக்குப் போய், மை காயாத புரூப்பைக் கையில் வாங்கினேன். அப்போதுதான் தரை ஆடியது.

பூமிக்கு அடியில் அழுத்தம் தாங்காமல் பாறை வெடிப்பதை நாங்கள் பர்ஸ்ட் என்போம். சின்ன பர்ஸ்ட் என்றால் அலமாரியில் பாத்திரம் சிணுங்கும். நாங்கள் பேச்சை நிறுத்தாமல் கையால் டம்ளரைப் பிடித்துக்கொள்வோம், அவ்வளவுதான். இது அப்படி இல்லை. முன்கடையில் அடுக்கியிருந்த குடங்களும் அண்டாக்களும் மொத்தமாக இறங்கின. எழுத்துப் பெட்டி குப்புற விழுந்தது. மேஜை மேல் நூல் கட்டி வைத்திருந்த பக்கங்கள் ஒன்றன் பின் ஒன்றாகச் சரிந்து, தரையில் எழுத்தாகப் பரவின. கம்பாசிட்டர் தெலுங்கில் ஏதோ சொன்னார். எல்லாம் போயிற்று என்று அர்த்தம். யாரும் குனிந்து பொறுக்கவில்லை.

முதலாளி, "வூட்டுக்காரரு எந்த ஷிப்டு?" என்று கேட்டார்.

"காலையிலே போனது."

அவர் கடையை அப்படியே போட்டுவிட்டுத் தெருவுக்கு ஓடி ஒரு ஜட்காவை நிறுத்தினார். என்னை ஏற்றிவிட்டு, தானும் ஏறி வண்டிக்காரருக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். அவருக்குச் சுரங்கத்தில் யாரும் கிடையாது. ஏன் வந்தார் என்று நான் அன்றும் கேட்கவில்லை, பிறகும் கேட்கவில்லை.

ஷாஃப்ட் கேட்டுக்கு வெளியே பெண்கள் நின்றிருந்தார்கள். வேலைக்கு நடுவில் எழுந்து வந்தவர்கள். ஒருத்தி கையில் கரண்டி இருந்தது. என் கையில் புரூப் இருந்தது. எதையாவது பார்க்க வேண்டும் போல இருந்ததால் அதைப் பார்த்தேன். மூன்றாவது வரியில் ஓர் ஒற்று விட்டுப்போயிருந்தது. அந்த வரி இப்போது எங்கேயும் இல்லை என்பது தெரிந்தும், பென்சில் இருக்கிறதா என்று பையில் தேடினேன்.

பக்கத்தில் துணுக்குக்காரருடைய மனைவி நின்றிருந்தார், பெண் குழந்தையைக் கையில் பிடித்துக்கொண்டு. அந்தப் பெண் என் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தவள்.

"அது இன்னா பேப்பரு டீச்சரு?"

"மலரோட புரூப் அக்கா. உங்க வூட்டுக்காரரு சொன்னது எல்லாம் இதுல வந்திருக்கு."

"எங்க?"

காட்டினேன். அவருக்குப் படிக்கத் தெரியாது. ஆனாலும் விரலை வைத்து வரி முடியும்வரை நகர்த்திப் பார்த்தார். மை ஈரமாக இருந்ததால் விரலோடு வந்தது. அதை முந்தானையில் துடைத்துக்கொண்டார்.

ஆட்களை ஏற்றி இறக்குகிற கேஜ் மேலே வந்தது, போனது, வந்தது. அடிபட்டவர்களை முதலில் கொண்டுவந்தார்கள். பிறகு நடந்து வருகிறவர்கள் வந்தார்கள். இவர் அவர்களில் ஒருவர். முகமெல்லாம் தூசி, கண் மட்டும் தெரிந்தது. என்னைப் பார்த்து நேராக வந்தவர், என் பக்கத்தில் நின்றவரைப் பார்த்ததும் நின்றுவிட்டார். தலையில் இருந்த தொப்பியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். அந்த அக்கா குழந்தையை இழுத்துத் தன் காலோடு சேர்த்துக்கொண்டார்.

டிரில் போடுகிறவர்கள் முன்னால் இருப்பார்கள். முட்டுக் கொடுக்கிறவர்கள் அவர்களுக்குப் பின்னால் வருவார்கள். அவ்வளவுதான் வித்தியாசம். அவரை வெளியே கொண்டுவர மறுநாள் ஆயிற்று.

கருமாதிப் பத்திரிகையை அதே அச்சகத்தில்தான் அடித்தார்கள். தரையில் கிடந்த எழுத்தில் அதற்கு வேண்டியதை மட்டும் முதலில் பொறுக்கினார் கம்பாசிட்டர்.

மலரை நிறுத்திவிடலாம் என்று கமிட்டியில் சிலர் சொன்னார்கள். இவர் கூடாது என்றார். மலர் வரும், அதில் அவருக்கு ஒரு பக்கம் ஒதுக்கப்படும் என்றார். ஒரு தாளை எடுத்துக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்து, பக்கம் எப்படி இருக்க வேண்டும் என்று சொல்லச் சொல்ல நான் வரைந்தேன். நாலு பக்கமும் தடியாகக் கறுப்புக் கட்டம். நடுவில் பெயர். கீழே இவர் எழுதிய இரங்கல் பாட்டு. இவருக்குக் கட்டுரை வரும், பாட்டு வராது. அதை அப்போது சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

"அவரோட துணுக்கு?" என்று கேட்டேன்.

"இந்த நேரத்துல சிரிப்புப் போடறதா? எல்லாத்தையும் எடுத்துடலாம்."

"அக்காகிட்ட ஒரு வார்த்த கேட்டுக்கலாம்."

போனோம். அக்கா எங்களுக்குப் பாய் விரித்தார். இவர் தாளை நீட்டினார்.

"சுத்தி இன்னா இது?"

"கறுப்புக் கட்டம். மரியாதைக்குப் போடறது."

"அதான் கருமாதி பத்திரிகைல போட்டாச்சே. ஒரு வாட்டி போதும்." கொஞ்ச நேரம் தாளைப் பார்த்தார். "டீச்சரு அன்னிக்குக் காட்டினது எங்க? அவரு சொன்னது?"

"அதெல்லாம் சிரிப்புத் துணுக்கும்மா. இப்பப் போய் அதப் போட்டா..." என்று இழுத்தார் இவர்.

"அதப் படிச்சா உங்களுக்கு சிரிப்பு வந்துச்சா?"

இவர் பொய் சொல்லத் தெரியாத மனிதர். என்னைப் பார்த்தார். நான் பாயைப் பார்த்தேன்.

"இல்ல" என்றார்.

"அப்பறம் இன்னா? போடுங்க."

இவர் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். வெளியே வந்ததும், "இரங்கல் பாட்டையும் எடுத்துடு" என்றார்.

புதிதாக ஒரு பக்கம் வரைந்தேன். மேலே அவர் பெயர். கீழே துணுக்குகள் எல்லாம் ஒரே இடத்தில், ஒன்றுக்கும் அடுத்ததுக்கும் நடுவில் தாராளமாக இடம் விட்டு. கட்டம் கிடையாது. காலி இடத்தை அடைப்பதற்காகவே பிறந்த துணுக்குகளுக்கு முதல் தடவையாகச் சொந்தமாக ஒரு பக்கம்.

முதலாளி தாளைப் பார்த்தார். "மொட்டையா கீதே டீச்சரம்மா. கல்யாணக் கொடி பார்டர் கீது, போடட்டுமா? அதுக்குத் தனியா ஒண்ணும் வாணாம்" என்றார். வேண்டாம் என்றேன். அவர் அத்தோடு விட்டுவிட்டார்.

கம்பாசிட்டர் தரையில் கிடந்ததை எல்லாம் ஒருவழியாகப் பிரித்துப் பெட்டியில் சேர்த்திருந்தார். அவசரத்தில் ஓடிய கால்கள் மிதித்ததில் பல எழுத்துகள் மூளியாகிவிட்டன. பெங்களூரிலிருந்து வந்த ழகரத்தில் பாதி உதவாது. துணுக்குப் பக்கமும் இவருடைய கட்டுரையும் ஒரே நாலு பக்கத்துக்குள் வந்தாக வேண்டும். துணுக்கு ஒன்றில் 'கீழே' வருகிறது, 'ஆழம்' வருகிறது, பல இடங்களில் 'தொழிலாளி' வருகிறது. இதை இவரிடம் எப்படிச் சொல்வது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன். அதற்குள் இவரே கட்டுரையை எடுத்து வைத்துக்கொண்டு, 'தமிழ்' வந்த இடமெல்லாம் அடித்து 'நம் பாஷை' என்று எழுதத் தொடங்கியிருந்தார். 'தொழிலாளர்' 'பாட்டாளி' ஆனார்கள். 'வாழ்க' 'வளர்க' ஆயிற்று. 'எழுச்சி'க்கு மட்டும் வெகுநேரம் யோசித்து, கடைசியில் அந்த வாக்கியத்தையே எடுத்துவிட்டார். கட்டுரை கொஞ்சம் நன்றாகத்தான் ஆயிற்று.

துணுக்குகளை எல்லாம் ஒரு பக்கத்துக்குக் கொண்டுபோனதால் மற்ற பக்கங்களின் அடியில் பழையபடி ஓட்டை விழுந்தது. வேறு வழியில்லாமல் முதலாளியின் படக் கட்டைகளை வைத்து அடைத்தோம். கூலி உயர்வு பற்றிய கட்டுரை ஜோடிக் கிளியோடு முடிந்தது. இவருடைய கட்டுரைக்கு அடியில் மாலை மாற்றுகிற இரண்டு கைகள்.

அச்சடித்த தாள்களை மடித்து, நாங்களே படிப்பகத்தில் உட்கார்ந்து ஊசி நூலால் தைத்தோம். விழா அன்று மேஜையில் அடுக்கி வைத்தோம். முதலில் எடுத்துப் பார்த்தவர் அட்டையை உற்றுப் பார்த்தார்.

"நம்ம ஷாஃப்ட்ல எஞ்சின் ரூமு அந்தாண்டல்ல கீது?"

எழுத்தை இழைத்துத் தள்ளினோம், படத்தை அப்படியே விட்டுவிட்டோம். படமும் கண்ணாடியில் பார்ப்பது போலத் திரும்பித்தான் விழுந்திருந்தது. தினமும் அந்தச் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டு வேலைக்குப் போகிறவர்கள், அதனால் வந்தவர்கள் எல்லாரும் அதையே சொன்னார்கள். மாரிகுப்பத்திலிருந்து வந்திருந்த சிலர் மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. அவர்கள் பக்கத்து ஷாஃப்ட்டில் எஞ்சின் ரூம் படத்தில் இருக்கிற பக்கம்தானாம். தங்கள் ஷாஃப்ட்டைத்தான் அட்டையில் போட்டிருக்கிறோம் என்று நினைத்துச் சந்தோஷமாக வாங்கிப் போனார்கள். இவர் அவர்களைத் திருத்தவில்லை. அன்று இவர் காட்டிய சாமர்த்தியம் அது ஒன்றுதான்.

விழா முடிந்து மறுநாள் அக்கா வீட்டுக்கு மலரைக் கொண்டுபோனோம். மகள் துணுக்குப் பக்கத்தை எடுத்து, பள்ளிக்கூடத்தில் பாடம் படிக்கிற குரலில், நிறுத்தி நிறுத்திப் படித்தாள்.

"டாக்டர்: மூச்சை நன்றாக உள்ளே இழு. தொழிலாளி: உள்ளே இருப்பதே கம்பெனிக் கல்லு சார். இன்னும் இழுத்தால் திருட்டுக் கேஸ் ஆகிவிடும்."

அக்கா தலையை ஆட்டிக்கொண்டு கேட்டார். அவள் அடுத்ததைப் படித்தாள்.

"மனைவி: கீழே எவ்வளவு ஆழம்? கணவன்: ஒரு மைலுக்கு மேலே. மனைவி: அவ்வளவு தூரம் போகிறவர், வரும்போது கத்திரிக்காய் வாங்கி வரக் கூடாதா?"

அக்கா சிரித்துவிட்டார். வாயை முந்தானையால் மூடிக்கொண்டு, தோள் குலுங்கச் சிரித்தார். எனக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. அவரே மூச்சு விட்டுக்கொண்டு, "இத நான் கேட்டப்ப அவரு இன்னா சொன்னாரு தெரியுமா?" என்றார். "சரி, நாளைக்கி வாங்கினு வரேன்னு சொன்னாரு. அந்த மனுசனுக்கு அது சிரிப்புன்னே தெரியல. மறுநாள் நெஜமாவே வாங்கினு வந்தாரு."

நானும் இவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

"அப்ப இது நீங்க சொன்னதா அக்கா?"

"எல்லாம் நான் சொன்னதுதான். வேலவுட்டு வந்து கம்முனு குந்தினு இருப்பாரு. நான் எதுனா சொல்லினே இருப்பேன். டீச்சரம்மாக்கு மூணு வரி வோணுமாம், ஆறு வரி வோணுமாம்னு வந்து கேப்பாரு. அந்த அளவுக்கு சொல்லி அனுப்புவேன்."

"டாக்டர் துணுக்கு?"

"இருமலுக்கு ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்தாரே, அன்னிக்கு சொன்னது."

இவர் பத்திரிகை ஆசிரியர். அவர் மனத்தில் என்ன ஓடியது என்று எனக்குத் தெரியும். அத்தனை பிரதியிலும் பெயர் தப்பு.

"அப்படின்னா பேரு உங்களுதுன்னு ஒரு திருத்தம் போட்டுடலாமாம்மா?" என்றார்.

"எனக்கு எதுக்கு? அவருதே இருக்கட்டும். வாசல்ல போய் நின்னு சொன்னது அவருதானே. எனக்கு அந்த தைரியம் வருமா?"

மகளைக் கத்திரிக்காய்த் துணுக்கை இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். அவள் படித்தாள். இந்தத் தடவை அக்கா சிரிக்கவில்லை. எழுந்து போய் அடுப்பைப் பார்த்தார். நாங்கள் சொல்லிக்கொண்டு வந்தோம்.

அதற்குப் பிறகு அச்சில் எதையும் போடவில்லை. பத்திரிகை மறுபடி என் கைக்கு வந்தது, மேஜைக் காலுக்கும் போனது. காலி இடங்களில் உலகத்தின் நீளமான ஆறு, உயரமான மலை என்று பொது அறிவு எழுதிச் சமாளித்தேன். படிப்பகத்தில் அதற்கும் யாரும் சிரிக்கவில்லை.

அக்காவுக்குக் கம்பெனி ஆஸ்பத்திரியில் ஆயா வேலை போட்டுக் கொடுத்தார்கள். வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச காலம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை மகளோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். நேராக உள்ளே வந்து உட்கார்ந்தார். நான் டீ போட்டுக் கொடுத்தேன். அதைக் குடித்து முடித்த பிறகு சொன்னார்:

"ஆஸ்பத்திரில ஒண்ணு பாத்தேன் டீச்சரு. எத்தினி வரின்னு தெரியல. நீங்களே அளந்துக்குங்க. ஆளு கேக்கறான், டாக்டர், எனக்கு இன்னா வியாதி? டாக்டர் சொல்றாரு, நீ பென்ஷன் வாங்கற வரைக்கும் ஒண்ணுமில்ல."

இவர் உள்ளறையிலிருந்து எழுந்து வந்தார். "கம்பெனில கேள்வி கேப்பாங்களே" என்றார். பிறகு, இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். பிறகு, போடு என்றார்.

போட்டேன். படிப்பகத்தில் அந்த மாதம் சத்தமாகச் சிரித்தார்கள். கயிற்றில் கட்டியிருந்த பத்திரிகையைச் சுற்றி ஆட்கள் நின்றதை நான் முதல் தடவையாகப் பார்த்தேன். யார் எழுதியது என்று கேட்டவர்களிடம், வந்தது, போட்டோம் என்று சொன்னோம்.

அக்கா மாதா மாதம் வந்தார். அவர் துணுக்குகள் நீளமாகிக்கொண்டே போயின. கட்டுரை எழுதுகிறவர்கள் யாரும் கட்டுரையைக் குறைப்பதாக இல்லை, முக்கியமாக இவர். அதனால் கட்டுரைகளை நான் பொடி எழுத்தில் எழுதத் தொடங்கினேன். நாட்டுக்கு எது நல்லது என்பது கண்ணுக்கே தெரியவில்லை என்று வயதானவர்கள் சிலர் இவரிடம் குறை சொன்னார்கள். துணுக்கைப் பற்றி யாரும் குறை சொல்லவில்லை.